மூன்று பிடி எடுத்து அனுப்பிய புத்தகம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் ஆறு நோட்டு நிறைய ஒரு புத்தகம் எழுதி முடித்தால், அதை நானே சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வது? கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு மூட்டை தூக்க வந்து, அங்கேயே மிளகுக்கும் சுக்குக்கும் தரகனாகி, கடைசியில் சொந்தக் கிடங்கு வைத்த கதை அது.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரே ஓர் ஆசை. என்னை முன்னேபின்னே தெரியாத ஒருவர் அதைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். பஜாரில் நான் எதைச் சொன்னாலும் தலையாட்ட ஆள் உண்டு. ஆனால் அதெல்லாம் என் சாயாவைக் குடித்துக்கொண்டே ஆட்டுகிற தலை. அதில் எனக்கு என்ன பெருமை?

இரண்டு வழி இருப்பதாக என் மகள் சொன்னாள். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பலாம். பிடித்தால் அவர்களே போடுவார்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அல்லது நாமே போட்டுக்கொள்ளலாம். கொடுப்பதை அப்படியே அச்சடித்து அட்டை கட்டித் தருகிறவர் ஒருவர் இங்கே கொச்சியிலேயே, தேவராவில் இருக்கிறார்.

சரக்கு விற்றுப் பழகியவனுக்கு இதில் என்ன குழப்பம்? இரண்டு பேருக்கும் சாம்பிள் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் தொழிலில் மூட்டையின் வாயிலிருந்து மட்டும் அள்ளிக் காட்டினால் மரியாதை போய்விடும். மேலே நல்லதைப் பரப்பி அடியில் குப்பையை ஒளிப்பது ஊரறிந்த திருட்டு. யோக்கியமானவன் மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டுவான். என் யோக்கியத்துக்குக் கொச்சி முழுக்கப் பேர் உண்டு. ஆகவே தொடக்கத்திலிருந்து இருபது பக்கம், நடுவிலிருந்து இருபது, கடைசி நோட்டிலிருந்து இருபது ஜெராக்ஸ் எடுத்து, ஒரே கட்டாகத் தைத்து, ஒன்றைச் சென்னைக்குத் தபாலில் போட்டேன். இன்னொன்றை பஸ்ஸில் போய்த் தேவராவில் கொடுத்துவிட்டு வந்தேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. சாம்பிளுக்கு யாராவது விளக்கம் எழுதுவார்களா?

பத்தே நாளில் தேவராக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் மாதிரிக்குப் பளபளவென்று ஒரு புத்தகம். அட்டையில், அன்றைக்கு அவர் போனில் எடுத்துக்கொண்ட என் படம், பின்னால் சீன வலை. நான் வாழ்நாளில் ஒரு மீன் பிடித்ததில்லை. ஆனாலும் படத்தில் கம்பீரமாகத்தான் இருந்தேன்.

“சூப்பர் புஸ்தகமாக்கும் சேட்டா. ஒரு எழுத்துகூட மாத்தண்டா, கேட்டோ. நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே அச்சுக்குப் போயிரும்.”

எனக்குக் கால் தரையில் படவில்லை. என் மனைவி அதை வாங்கிப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள்.

“என்னங்க இது? இருபதாம் பக்கத்துல மூட்டை தூக்கறீங்க. இருபத்தொண்ணுல உங்க மகளுக்குக் கல்யாணம். நடுவுல நான் எப்ப வந்தேன்?”

சாம்பிளையே முழுப் புத்தகம் என்று நினைத்து அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்!

“தம்பி, இதைப் படிச்சீங்களா?” என்று கேட்டேன்.

அவர் வெட்கமாகச் சிரித்தார். “நான் பொறந்தது, படிச்சது எல்லாம் இங்கதானே சேட்டா. பேச்சு தமிழ், படிப்பு மலையாளம். டைப் அடிச்ச பொண்ணு நல்லாருக்குன்னு சொன்னா.”

நல்ல மனிதர். சாயா கொடுத்து அனுப்பினேன். முழுவதையும் கொடுத்தால் வரிசையாகவே அடித்துத் தருகிறேன் என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து போன். பதிப்பகத்தில் எழுத்தைப் பார்த்துத் திருத்துகிற அம்மா.

“ஐயா, இருபதாம் பக்கத்துக்கு அப்புறம் எதுவும் ஒட்டலையே? மீதி தபால்ல தொலைஞ்சுபோச்சா?”

“தொலையலம்மா. அது சாம்பிள்.” மூன்று பிடிக் கணக்கை விளக்கினேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது.

“நடுப் பிடியில கொஞ்சம் தூசி ஜாஸ்தி ஐயா. இருந்தாலும் முழு மூட்டையையும் அனுப்புங்க.”

அனுப்பினேன். ஆறு நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்துத்தான். ஒரு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடியும் பேசினார். போடலாம், ஆனால் ஒரு வருடம் ஆகும் என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

“நீங்க வியாபாரத்துல ஜெயிச்ச கதை பதினொண்ணு இருக்கு. நாலு போதும்.”

“பதினொண்ணும் நான் ஜெயிச்சதும்மா!”

“தெரியுதுங்க. மூணாவதுலயே தெரிஞ்சுபோச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. தேவராவில் கொடுத்தால் பதினொன்றும் அடுத்த மாதமே அச்சாகிவிடும். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர், “அது இருக்கட்டும் ஐயா, கடைசிப் பக்கத்துல கிடங்கு வாசல்ல ஒரு நாய் படுத்திருக்கே, அது இப்பவும் இருக்கா?” என்று கேட்டார்.

கடைசிப் பக்கம்! அது சாம்பிளில்கூட இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காத ஒரு மனுஷி அதுவரை வந்திருக்கிறாள். “இருக்கும்மா, கொழுத்துப்போய் இருக்கு,” என்றேன். “நாலே போதும்” என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

எந்த நாலு என்று முடிவு செய்ய மனைவியைத் துணைக்கு உட்காரவைத்தேன். அன்றைக்குத்தான் அவள் முழுவதையும் படித்தாள். அவள் கல்யாணத்துக்கு முன், நான் தரகு பார்த்த கிடங்கு முற்றத்தில் சுக்கைத் தரம் பார்த்துப் பொறுக்குகிற வேலை செய்தவள். ஈரச் சுக்கை உலர்ந்ததென்று தள்ளப் பார்த்தவனை வாசனையை வைத்தே நான் பிடித்த கதை வந்ததும் நோட்டை மூடினாள்.

“மோந்து பார்த்தது யாரு?”

“நான்தான்.”

“நீங்க அன்னைக்கு ஜலதோஷத்துல மூக்கைச் சிந்திக்கிட்டு நின்னீங்க. மோந்து பார்த்துச் சொன்னது நான்.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அது என் மூக்காகவே ஆகிவிட்டிருந்தது.

உட்கார்ந்து அந்தக் கதையை அவள் ஜெயித்ததாகத் திருப்பி எழுதினேன். இப்போது புத்தகத்தில் என் வெற்றி மூன்று, அவள் வெற்றி ஒன்று. போன வாரம் சென்னை அம்மா கூப்பிட்டு, புத்தகத்திலேயே அதுதான் முதல் தரம் என்றார். என் மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டு இரண்டாவது தடவையும் சொல்லவைத்தாள். இருக்கட்டும். எழுதினது யார் என்று நானும் அதே ஸ்பீக்கரில் கேட்டுவைத்தேன்.