மாத்தி என்ற ஒரு சொல்

“தலை வெடிக்கிற மாதிரி இருக்குடி” என்று என் வீட்டுக்காரர் கணேசன் சொன்னபோது, “வெயில்ல பசார் பசாரா (சந்தை சந்தையாக) சுத்துனா வெடிக்காம என்ன செய்யும்?” என்று கேட்டுவிட்டு நான் குழம்பைப் பார்க்கப் போனேன். புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டில் அது சாதாரணப் பேச்சு. தடாலென்று சத்தம் கேட்டு ஓடிவந்தால் கூடத்தில் விழுந்து கிடக்கிறார்.

மூளையில் இரத்தக் கசிவு (இரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் பரவுவது) என்றார்கள். அறுவைச் சிகிச்சை செய்தும் கண் திறக்கவில்லை. வெண்டிலேட்டர் (மூச்சைத் தள்ளும் இயந்திரம்) போட்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து மலாய் டாக்டர் அம்மா எங்களை அழைத்து உட்காரவைத்து, “ஓத்தாக் சுடா மாத்தி” என்றார். மூளை இறந்துவிட்டது என்று அர்த்தம்; மலாயில் ‘மாத்தி’ என்றால் சாவு. ஆனால் நடுரோட்டில் லோரி நின்றாலும் நாங்கள் ‘இஞ்சின் மாத்தி’ என்றுதானே சொல்வோம்! தஞ்சோங் கிளிங்கில் லோரிப் பட்டறை வைத்திருக்கும் என் கொழுந்தன் மணியம் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டான்.

“மாத்தி ஆன இஞ்சின் எத்தனைய நான் திருப்பி ஸ்டார்ட் பண்ணிருக்கேன், அண்ணி! கால் சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க. டைம் குடுங்கலா.”

தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன மனசு, நானும் நம்பினேன்.

பிறகு தமிழ் நர்ஸ் ஒருவர் வந்து விளக்கினார். “கோமாவுல மூளை உயிரோட இருக்கும், அக்கா. இது மூளைச்சாவு (மூளை முழுவதும் திரும்ப வராதபடி நின்றுவிடுவது). மெஷின்தான் மூச்சு விடுது. ரெண்டு டாக்டருங்க டெஸ்ட் பண்ணிட்டாங்க.” பிறகு, உறுப்புகளைத் தானம் செய்ய விருப்பமா என்று கேட்டார்.

எனக்கு விருப்பம்தான். டிவி செய்தியில் யாரோ சிறுநீரகத்துக்குக் காத்திருப்பதைப் பார்த்து, “நான் போனா எல்லாத்தையும் குடுத்துடு, எரிச்சு என்ன பண்ணப் போற?” என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். “வாயக் கழுவுங்க” என்று திட்டினேன். அதற்குமேல் பேசவில்லை. தம்பியிடமும் அவர் சொல்லவில்லை.

மணியம் மறுத்தான். “குறையோட எரிச்சா அடுத்த பிறவியில குறையோட பொறப்பாரு. அண்ணன முழுசா அனுப்பணும்.”

“உங்க அண்ணன் சொன்னத நான் பொய்யா சொல்றேன்?” என்று கத்தினேன். அவன் சுவரைப் பார்த்து அழுதான். குடும்பம் ஒத்துப்போகாமல் எதையும் தொடமாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாங்கள் இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் இதயமும் நின்றுவிட்டது. சிறுநீரகம், ஈரல் எதுவும் இனி பயன்படாது, கருவிழியை (கண்ணின் முன்பக்கத்திலுள்ள கண்ணாடி போன்ற படலம்) மட்டும் இப்போதும் எடுக்கலாம் என்றார்கள்.

என்னை முந்திக்கொண்டு மணியமே சொன்னான்: “அண்ணன் ஆசைய நானே கெடுத்துட்டேன். கண்ணையாவது எடுத்துக்கச் சொல்லுங்க, அண்ணி.”

சவப்பெட்டியில் வைத்தபோது முகம் தூங்குவது போலத்தான் இருந்தது. வந்தவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் விருப்பத்தைச் சோறு தின்னும்போதே எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். மனைவியிடம் மட்டும் சொன்னால் போதாது. நான் என் மகளிடமும் மணியத்திடமும் சொல்லிவிட்டேன். குளிக்கும்போது என் விலாவைத் தொட்டுப் பார்க்கிறேன். உள்ளே இருப்பது எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அவர் இருந்தார், சிரித்தார், போனார் என்று இறந்தகாலத்தில் பேசப் பழகிவிட்டேன். இன்னொருவருக்குப் போன அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்ல வரும்போது மட்டும் நாக்கு தடுமாறுகிறது. பார்த்தது என்பதா, பார்க்கிறது என்பதா? சிறுநீரகத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. அதை நாங்கள் எரித்துவிட்டோம்.