சுற்றுலாக்காரியாகப் பழகிய கிழமை

முதல் தடவை விமான நிலையத்தில் நான் மாட்டிக்கொண்டது உண்மை பேசியதால். கனடா விமானத்துக்கான வரிசை அது. மேசைக்குப் பின்னால் நின்ற பெண் என் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே, "மூன்று கிழமை பாரிஸில் நின்றிருக்கிறீர்கள், என்ன பார்த்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் "லா சப்பல்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, சென்த் சப்பெல்! அந்த வண்ணக் கண்ணாடிகள் எவ்வளவு அழகு, இல்லையா?" என்றாள். உலகம் முழுவதிலுமிருந்து சனங்கள் வந்து பார்க்கும் பழைய தேவாலயம் அது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஓம் என்று தலையாட்டியிருந்தால் அன்றைக்கே பறந்திருப்பேன். நானோ, "இல்லை, இல்லை, லா சப்பல். மெத்ரோ நிலையம் இருக்கிற லா சப்பல்" என்று அவளைத் திருத்தினேன்.

அகதிகள் வந்து ஒண்டியிருக்கிற பகுதி அது, அங்கே ஊர்சுற்ற யார் போவார்கள்? அவள் கடவுச்சீட்டோடு உள்ளே போய், இன்னொருவரோடு பேசிவிட்டு வந்து, என்னை ஏற்ற முடியாது என்றாள். யாரும் போலீஸைக் கூப்பிடுவதற்கு முன் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து பஸ் ஏறினேன். அது வேறொருத்தியின் கடவுச்சீட்டு.

எண்பதுகளின் நடுப்பகுதி. என் கணவர் மொன்றியலில் இருந்தார். கல்யாணமாகி இருபதாம் நாள் வெளிக்கிட்டவர். மூன்று வருடமாகக் கடிதம்தான் குடும்பம். அவரிடம் போய்ச் சேர நேர்வழி ஒன்றும் இல்லாததால், ஒரு ஏஜென்சிக்காரர் என்னைப் பாரிஸ்வரை கொண்டுவந்து, லா சப்பலில் நான்காம் மாடி அறை ஒன்றில் வைத்திருந்தார். அந்த அறை மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்காவுடையது. அவருடைய கணவர் உணவகத்தில் கோப்பை கழுவினார். "வெளியிலை காலடி வைக்காதையும் பிள்ளை. கொந்த்ரோல் எண்டு போலீஸ் ஆக்களை மறிக்குது. பேப்பர் கேட்டால் என்னத்தைக் காட்டுவீர்?" என்று அக்கா தினமும் சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். போகும்போது வெளியே பூட்டிக்கொண்டும் போவார். ஜன்னலுக்கு நேரே பாலத்தின் மேல் மெத்ரோ ஓடும். மூன்று கிழமையாக நான் பார்த்த பாரிஸ் அவ்வளவுதான். அதில் போய் வருகிறவர்களுக்கு என் முகம் பழகியிருக்கும்.

நான் திரும்பி வந்து நின்றதைக் கண்டு ஏஜென்சிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உமக்கு விசரே? அவளே வாய்க்குள்ளை ஊட்டிவிட்டிருக்கிறாள். நீர் துப்பிப்போட்டு வந்து நிக்கிறீர்!"

அதன் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தனியாகப் போகும் பெண்ணைச் சந்தேகிப்பார்கள், சோடியாகப் போனால் விடுவார்கள். ஐந்து மாதமாக அதே வழிக்குக் காத்திருந்த ஒருவரைக் கூட்டிவந்து, "இவர்தான் இனி உம்மடை புருஷன்" என்றார். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். என்னைவிட இரண்டு வயது குறைவு. நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்படுகிற மனிதர். புதிய கடவுச்சீட்டுகள் வருவதற்கு ஒரு கிழமை இருந்தது. அதற்குள் எங்களை உல்லாசப் பயணிகளாக்கிவிடுவதாக ஏஜென்சிக்காரர் சபதம் எடுத்தார்.

"நான் இஞ்சை வந்து மூண்டு வருசம். அந்தக் கோபுரத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கேல்லை. உமக்குத்தான் யோகம்" என்றபடி அக்கா தன் நல்ல கோட்டைத் தந்தார். யோகமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூட்டிவைத்த கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகத் திறந்துவிட்டால் அதற்குப் பெயர் யோகமா?

முதல் நாள் ஈஃபல் கோபுரம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காற்சட்டை போட்டுக்கொண்டு, கூச்சத்தில் கோட்டை இழுத்து இழுத்து விட்டபடி படியேறினேன். மேலே போனதும் ஏஜென்சிக்காரர் கமராவை எடுத்தார். அந்தப் படங்கள் கைப்பைக்குள் கிடக்க வேண்டும், யாராவது திறந்து பார்த்தால் நம்புவார்கள் என்பது அவர் கணக்கு. "கிட்ட நில்லுங்கோ. தோளிலை கையைப் போடும் தம்பி" என்றார். தபால் கந்தோர்க்காரர் கையைத் தூக்கினார், இறக்கினார், பிறகு என் தோளுக்கு ஓரங்குலம் மேலே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றார்.

"பெண்சாதியை அக்கா எண்டு கூப்பிடுற தூரிஸ்தை எங்கையடா கண்டனி?"

"அப்ப என்னெண்டு கூப்பிட?"

"ஒண்டும் கூப்பிடாதை. சிரி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் படத்தில் நிற்கிறேன். கீழே நகரம் முழுவதும் விரிந்து கிடந்தது. எந்தத் தெருவில் இறங்கி நடந்தாலும் ஒருவன் பேப்பர் கேட்பான் என்ற நினைப்பில் என்னால் அதை ரசிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் நோத்ர தாம் தேவாலயம். உள்ளே மெழுகுதிரி வாசனை பட்டதுமே எனக்கு எல்லாம் மறந்துபோனது. எங்கள் ஊர்க் கோயிலில் செய்வதுபோல முழங்காலில் நின்று, அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு மாதாவே என்று அழ ஆரம்பித்தேன். ஏஜென்சிக்காரர் என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எழும்பும் பிள்ளை. தூரிஸ்த் முழங்காலிலை நிக்கமாட்டான். மேலை பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நில்லும்."

அப்படியே நின்றேன். மாதா மன்னிக்கட்டும்.

அங்கிருந்து சென்த் சப்பெல்லுக்குப் போனோம். எல்லாவற்றுக்கும் மூலகாரணமான அந்த இடத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வன்மமே இருந்தது. போய்ப் பார்த்தால் அது நீதிமன்ற வளவுக்குள் இருக்கிறது! வாசலில் சீருடைக்காரர்கள் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏஜென்சிக்காரர் நின்ற நிலையிலேயே திரும்பி எங்களையும் இழுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். "கோட்டுக்குள்ளை தானாப் போய் விழ எனக்கென்ன பைத்தியமே?" என்று சொல்லி ஒரு தபாலட்டை வாங்கித் தந்தார். அந்தக் கண்ணாடிகளை நான் தபாலட்டையில்தான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன.

மூன்றாம் நாள் வெர்சாய். ராசாவின் மாளிகையில் சுவர் நிறையக் கண்ணாடி பதித்த நீண்ட மண்டபம் ஒன்று உண்டு. அதில் திரும்பிய பக்கமெல்லாம் யாரோ ஒருத்தியின் கோட்டைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவருக்குப் பெண்சாதியாக, நான் நடந்து வந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உண்மையாகவே பயந்தேன். மூன்று வருடத்தில் என் கணவருடைய முகமே கல்யாணப் படத்தைப் பார்த்தால்தான் நினைவுக்கு வருகிறது. இனி என் முகமும் அவருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று நடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். தபால் கந்தோர்க்காரர் என்ன நினைத்தாரோ, "வெளியிலை போவமே?" என்று மெல்லக் கேட்டார். நல்ல மனிதர்.

மிச்ச நாட்களில் அறைக்குள் பாடம் நடந்தது. எந்த ஆறு, எந்தப் பாலம், கோபுரத்துக்கு எந்த நிலையத்தில் இறங்குவது என்று மாறி மாறிக் கேள்வி கேட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும்படி ஏஜென்சிக்காரர் எங்களை ஆக்கிவிட்டார். போன தடவை இடறிய கல்லையே பார்த்துக்கொண்டு நடந்தோம். வேறு கல்லும் கிடக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் எங்களை வரிசையிலிருந்து விலக்கி, என்னை ஒரு மேசைக்கும் தபால் கந்தோர்க்காரரைப் பக்கத்து மேசைக்குமாகப் பிரித்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் வயதான, மரியாதையான அலுவலர். என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். முழுப் பாரிஸும் நாக்கு நுனியில் இருந்தது. அவர் அதைக் கேட்கவேயில்லை.

"உங்கள் கணவரின் பெயர் என்ன?" என்றார்.

எங்கள் பெண்கள் புருஷனின் பெயரை வாயால் சொல்வதில்லை. அவரோடு சேர்ந்திருந்த இருபது நாளும் நான் "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன், கடிதங்களில் அத்தான். கடவுச்சீட்டிலிருந்த பெயரை மனதுக்குள் பாடமாக்கியிருந்தேனே தவிர, ஒரு தடவையாவது உரக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. கணவரின் பெயர் என்றதும் வாய் இறுகிவிட்டது. அலுவலர் காத்திருந்தார். சொல்லியே ஆகவேண்டும் என்று வலிந்து வாயைத் திறந்தேன். வந்தது மொன்றியலில் இருக்கும் என் கணவரின் பெயர்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். பயம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்தது. முகம் சூடேறி, தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து மேசையில் தபால் கந்தோர்க்காரர் கண்களை மூடிக்கொண்டதைக் கண்ட பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. பாவம், ஐந்து மாதம் காத்திருந்தவர்.

அலுவலருக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மாற்றிச் சொல்லியிருக்கலாம். கடவுச்சீட்டுப் பெயரும் அதற்குள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் வாய் ஒருமுறை திறந்துவிட்டதே. நான் என் கணவருடைய பெயரையே திரும்பவும், இந்தத் தடவை தெளிவாக, எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.