மினிபஸ்ஸின் சென்சார் விதிகள்

எங்கும் இல்லாத ஒரு விண்கப்பலில், தொலைவில் வருவதை உணரும் சென்சார் கருவிக்கு விதிகள் எழுதுவதில் சென்ற மழைக்காலத்தைக் கழித்தேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இது வெட்கப்படத்தக்க வேலையல்ல என்றே நினைக்கிறேன்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு பிற்பகல்களில் ஒரு விளையாட்டு நடக்கிறது. பலகை கிடையாது, காய்கள் கிடையாது. ஒரு தடித்த விதிப்புத்தகமும் சில பகடைகளும் உண்டு, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. நடுவராக இருப்பவர் விண்வெளியில் நடப்பதைச் சொல்வார். மற்றவர்கள் ஒரே கப்பலின் மாலுமிகள். தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். ஒன்று முடியுமா முடியாதா என்ற ஐயம் எழும்போது பகடை உருளும். நடுவர் நான். கப்பலை ஓட்டுபவர் என் மருமகன். கடியப்பட்டணத்துக்காரர், மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. எஞ்சின் அறை மகளுடையது. கேப்டன், திருவட்டாற்றிலிருந்து பஸ் ஏறி வரும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். என் மனைவியின் கல்லூரித் தோழி. சென்சார் என் மனைவியிடம் இருந்தது. கண்ட இடத்திலெல்லாம் நின்று ஆள் ஏற்றும் அந்தப் பழைய சரக்குக் கப்பலுக்கு மினிபஸ் என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

சென்ற ஆண்டு அவள் இறந்தாள். சில மாதங்கள் விளையாட்டு நடக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஏத்தங்காய் உப்பேரி எனும் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வந்து, தம் வழக்கமான இடத்தில் அமர்ந்து, "சாரே, மினிபஸ் இப்பம் எங்க நிக்குது?" என்று கேட்டார். ஆகவே தொடங்கினோம்.

அன்றே மகள் கேட்டாள். "அப்பா, நான் அம்மா இடத்துக்கு வரட்டா? சென்சார் நான் பாக்கேன்."

எஞ்சினுக்கு ஆள் வேண்டும் என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள். சென்சார் விதிகளே பிழையாக இருக்கின்றன, முதலில் அவற்றைத் திருத்துகிறேன், பிறகு பார்க்கலாம் என்றேன். என்னிடம் எதையும் இருமுறைக்கு மேல் கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

விதிகள் பிழை என்பது பொய்யல்ல. புத்தகத்தின்படி, சென்சார் பார்ப்பவர் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். போதிய எண் விழுந்தால் எதிரே வரும் கப்பலின் எடை, ஆயுதம், சரக்கு எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிடும். ஓர் எண் குறைந்தால், எஞ்சின் கனன்றுகொண்டு மலை போன்ற கப்பல் வந்தாலும் தெரியாது. வெப்பத்துக்கு இப்படியொரு கூச்சம் இருப்பதாக நான் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

எனவே பிரித்து எழுதினேன். பிற கப்பலிலிருந்து தானாக வரும் வெப்பத்தைப் பார்ப்பது ஒன்று. ரேடார் அலையை அனுப்பி எதிரொலி வாங்குவது வேறொன்று. முன்னதில் நாம் பார்ப்பதை எவரும் அறியார். பின்னதில், இருட்டில் டார்ச் அடிப்பவனைப் போல, நாம் காணும் தூரத்தைவிட வெகுதூரத்திலிருந்தே நம்மைக் கண்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் அட்டவணையாக்கினேன். தூரத்தையும் சூட்டையும் பொருத்திப் பார்த்துக் கப்பலின் கணினியே விடை சொல்லிவிடும், பகடை வேண்டாம். எழுதி முடித்த நாளில் மதிய உறக்கத்தையே மறந்திருந்தேன். பல மாதங்களுக்குப் பின் அப்படி ஒரு நாள்.

ஆராதனை முடிந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு, மேசையைத் துடைத்துவிட்டுப் புதிய விதிகளோடு அமர்ந்தோம். "எதிரே ஒரு கப்பல். இரண்டு எஞ்சின், ஒரு பீரங்கி" என்றேன். விலகிப் போனார்கள். "இன்னொன்று. ஆளில்லை, சரக்கும் இல்லை" என்றேன். கடந்து போனார்கள். மூன்றாவது கப்பல் வந்தபோது மருமகன் உப்பேரியோடு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"என்ன, சரியில்லியா?" என்று கேட்டேன்.

"மாமா, குறை சொல்லுதேன்னு நினைக்கப்பிடாது. எங்க ஊர்ல ஒருத்தர் புது எக்கோ சவுண்டர் வாங்கி வள்ளத்துல வச்சார். அடியில கெடக்க கல்லு, மண்ணு எல்லாம் கலர் கலரா தெரியும். அதையே பாத்துக்கிட்டு இருந்தவர் வலை போட மறந்துட்டார்."

"அது உங்க சித்தப்பாதானே?" என்றாள் மகள்.

"ஏட்டி, மிண்டாம இரு. குடும்ப மானம்."

டீச்சர் சிரிக்கவில்லை. என் தாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். "கணக்கு கொள்ளாம் சாரே. நூத்துக்கு நூறு போடலாம். கேப்டன் செய்யுததுக்கு ஒரு பக்கம் இருக்கு. ஓட்டுதவருக்கு இருக்கு. எஞ்சினுக்கும் இருக்கு. சென்சார் பாக்க ஆளுக்கு எங்க?"

"அதுக்கு ஆள் தேவையில்ல டீச்சர். கணினியே பாத்துக்கிடும்."

"தேவையில்லியா, இல்ல நீங்க தேவையில்லாம ஆக்கிட்டியளா?"

மகள் பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. என் விதிகள் ஒரு நாற்காலியை மேசையிலிருந்து எடுத்துவிட்டன என்பதை அங்கிருந்தவர்களில் கடைசியாக அறிந்தவன் நான்.

"சரி, திருத்துவோம்" என்றேன்.

அதன்பின் நடந்தது விளையாட்டு அல்ல, சட்டசபை. கணினி எவ்வளவு சொல்லலாம் என்பதில் சண்டை. "ஏதோ ஒண்ணு இருக்கு, இந்தத் திசை, இவ்வளவு சூடு. அதுக்கு மேல அது மூச்சு விடப்பிடாது" என்றாள் மகள். அது என்ன கப்பல் என்று ஊகிப்பது சென்சார் பார்ப்பவரின் வேலை. அவர் சொல்வதை நம்பியே கேப்டன் கட்டளையிட வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரம் வரும்வரை, அந்த ஊகம் சரியா தவறா என்று நடுவர் வாய் திறக்கலாகாது.

"அப்பம் தப்பா சொன்னா?" என்றார் டீச்சர்.

"தப்பா சொன்னா எல்லாரும் சாவோம். அதுக்குத்தானே ஞாயித்துக்கிழமை வாறோம்" என்ற மருமகன், சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தவன் நான். மற்றவர்கள் சற்றுப் பொறுத்துச் சிரித்தார்கள்.

என் மனைவியின் நாற்காலி மேல் நான் வைத்திருந்த புத்தகங்களை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். எஞ்சினைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு மகள் வந்து அமர்ந்தாள்.

"வலப்பக்கம் ஏதோ ஒன்று. சூடு குறைவு. மெல்ல நகர்கிறது" என்றேன்.

என் மனைவி ரேடாரை ஒருமுறைகூட இயக்கியதில்லை. தன்னை வெளிக்காட்டாமல் நெடுநேரம் பார்த்திருப்பதே அவளுக்குப் பிடிக்கும். மருமகனும் அதையே சொன்னார். "ஏட்டி, எல்லாத்தையும் அணை. மீன் கெடச்ச இடத்த எவனாவது வயர்லெஸ்ல சொல்லுவானா?"

"அது ஏதோ பழைய சரக்குக் கப்பல், ஆபத்தில்ல" என்றாள் மகள். "ரேடார் ஆன். முழு பவர்."

"மக்களே!" என்று டீச்சர் பதறுவதற்குள், வயர்லெஸ்ஸையும் திறந்துவிட்டு, "ஏலே, யாருலே அங்க?" என்று கூவினாள்.

அட்டவணையைப் பார்த்தேன். அந்தக் கப்பலுக்கு மட்டுமல்ல, அதற்குப் பின்னால் அடுத்த மாதத்துக்கென்று நான் ஒளித்து வைத்திருந்த இரண்டு கொள்ளைக் கப்பல்களுக்கும் கேட்டிருந்தது. மூன்றும் மினிபஸ்ஸை நோக்கித் திரும்பின.

"என் ஆதிகேசவா!" என்றார் டீச்சர். மருமகன் கப்பலைச் சிறுகோள்களுக்குள் ஒடித்துத் திருப்பினார். மகள் மேசையில் குனிந்து, வருவது ஒவ்வொன்றும் என்ன என்று அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டே போனாள். பெரும்பாலும் தவறு. விதிப்படி நான் வாய் திறக்கவில்லை.