மைக்கில் சொல்லாமல் விட்டது

போன வருடம் மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊரில் நடந்தது இது. ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கொட்டச்சேடு. இங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டவன் நான். அந்தப் பொங்கலுக்கு முந்தின மழைக்காலத்தில் என் மனைவி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். மகன் பெங்களூரில். பக்கத்து வீட்டை விட்டால் எங்களுக்கு ஆளில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மலை விவசாயக் குடும்பம். அவர்கள் பெண் பிளஸ் டூ முடித்தபோது விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, சேலத்துக்குக் கூட்டிப் போய்க் கல்லூரியில் சேர்த்துவிட்டது நான்தான். இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று ஊர்ப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் செய்த உதவியை மேடையில் சொல்ல வேண்டும் என்று இளவட்டங்கள் ஒரு கூட்டம் வைத்தார்கள். நம் ஊர்ப் பெருமை நமக்கே தெரியட்டும் என்றார்கள். நல்ல யோசனைதான். முதலில் பேச என்னைக் கூப்பிட்டதுதான் தப்பு. மைக் கிடைத்தால் விடுகிற ஆளா நான்?

அந்தப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னேன். “இவங்க ஊட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்சவங்க யாருமில்லீங்க. ஒண்ணுந் தெரியாம நின்னாங்க. நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிச் சேத்துவிட்டேன்” என்றேன். கைதட்டல் பலமாக இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒலிபெருக்கி படுக்கை வரை கேட்டிருக்கிறது.

“ஏனுங்க, தினமும் அந்தப் புள்ளதான் என்னையத் துடைச்சு, துணி மாத்தி உடுது. அதச் சொல்ல உங்களுக்கு வாய் வரலீங்களா?”

அதையெல்லாம் சபையில் எப்படிச் சொல்வது என்று சமாளித்தேன். பொய். பேசும்போது அது எனக்கு ஞாபகமே வரவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா காலையில் கொண்டுவரும் ராகிக் களியும் கீரையும்கூட ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலுக்கு வந்தார். உள்ளே வாங்க என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை.

“நீங்க செஞ்சத நாங்க மறக்கலீங்க. ஆனா வாங்கித் தின்னவங்களாத்தான் இப்ப ஊருக்கு எங்களத் தெரியுதுங்க” என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் இப்போதும் கல்லூரி விட்டு வந்ததும் என் மனைவியைக் கவனிக்க வருகிறாள். நான் இருந்தால் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். அதனால் ஐந்து மணிக்கெல்லாம் நான் டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறேன். அங்கே இன்றைக்கும் யாராவது என் பேச்சைப் பாராட்டுகிறார்கள். கேட்கக் கேட்க உடம்பு கூசுகிறது. கொடுத்ததை ஊரறியச் சொல்லிவிட்டு, பெற்றதை மறந்து நின்றவனுக்கு, தினமும் ஒரு மணி நேரம் சொந்த வீட்டுக்கு வெளியே இருப்பது குறைவான தண்டனைதான்.