மிதித்தானா, இல்லையா

மின்சாரம் நின்றுபோய் லஸ் முனையில் எங்கள் டிராமும் நிற்கிறது. திருச்சிக்காகக் கூடைப்பந்து ஆட வந்த காலத்துக்குப் பிறகு இப்போதுதான் மயிலாப்பூருக்கு வருகிறேன். இறங்கிச் சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தால், கண்டக்டரும் கடைக்காரரும் பழைய ஆட்டக்காரன் கோவிந்தனைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள்.

“ஒரு நாளாவது கூடையில பந்து போட்டுக்கிறானா? எதிராளி காலை மிதிப்பான், அவ்ளோதான்,” என்கிறார் கண்டக்டர்.

“அவன் இன்னாத்துக்கு நைனா போடணும்? எதிராளிய போட வுட்டானா, அத்தச் சொல்லு. பட்டாளத்துக்குப் போனவன் இன்னும் திரும்பல, அவனைப் போயி...” கடைக்காரர் ஒரு சோடாப் புட்டியை எடுத்துத் துடைக்கிறார்.

“நான் அவனை எதிர்த்து ஆடியிருக்கேன். ஒரு பந்துகூடப் போட முடியலை,” என்கிறேன்.

“பாத்தியா!” என்கிறார்கள் இருவருமே.

“மிதிச்சானா இல்லியா? நெசத்தச் சொல்லு சார்,” கண்டக்டர் விடுவதாயில்லை.

மண் தரையில் வெறுங்காலோடு ஆடினோம். ஆட்டம் முடிந்ததும், தான் குடிக்க வாங்கிய சோடாவை என் கால் கட்டைவிரலில் ஊற்றி ரத்தத்தைக் கழுவியவனும் கோவிந்தன்தான். அந்த நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது.

காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொள்கிறேன்.

“இல்லையே,” என்கிறேன்.