மூன்றாவது சேனல்

இரண்டாவது சேனலையும் மூன்றாவது சேனலையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவன் என்று யாராவது என்னைச் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே ஒரு கை பார்த்திருப்பேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என் காதைப் பற்றிப் பேசினால் இன்னும் சீக்கிரம் வரும். நான் சோறு தின்பதே காதால்தான்.

ஓசூரில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு நாய்ஸ் ரூமில் வேலை. சத்தம் புகாத கதவும் ஒரு பக்கம் கண்ணாடியும் வைத்த சின்ன அறை அது. முடிந்த கியர்பாக்ஸ்களை மெஷின் சுழற்றிப் பார்க்கும். மெஷினுக்குச் சந்தேகம் வந்ததெல்லாம் எங்களிடம் வரும். நாங்கள் கேட்டுவிட்டு, போகலாம் அல்லது ரிஜெக்ட் என்று சொல்வோம். கியர்ப் பல்லில் முடியளவு மேடு இருந்தாலும் மேலே மெல்லிய விசில் ஒன்று வரும். அந்த விசிலைப் பிடிப்பதற்குத்தான் சம்பளம். அதற்கு முன்னால் ஆறு வருடம் கிரைண்டிங்கில் கிடந்தேன். பஞ்சு அடைப்பானைக் காதில் வைக்காமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த ஆறு வருடம். அங்கிருந்து தப்பித்து வந்து சேர்ந்த அறை இது. காது போனால் திரும்பவும் அங்கேதான் அனுப்புவார்கள்.

அடுத்த ஷிப்ட்டில் அதே நாற்காலியில் உட்காருபவன் என் நண்பன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். இரண்டு பேருக்கும் கிட்டார் பைத்தியம். நான் சர்ச்சில் வாசித்துப் பழகியவன், அவன் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தவன். இருவரும் சேர்ந்து, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ட்யூப் ஆம்ப் ஒன்று வாங்கினோம். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் நூறு வாட். பெட்டியை மாடிக்கு ஏற்றிய அன்று என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மத்திகிரியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன் அறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. என் மனைவி அதற்கு ஒரு துணி தைத்துப் போர்த்தினாள். அவள் சர்ச் கொயரில் ஆல்ட்டோ பாடுகிறவள். எங்களைவிட நன்றாகச் சுருதி தெரிந்தவள் என்பதால் எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் அவளுக்கு உரிமை இருந்தது.

கீழே வீட்டு ஓனர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சர்ச் முடிந்து நாங்கள் திரும்பியதிலிருந்து மதியச் சாப்பாடு வரைதான் ஆம்புக்கு விடுதலை. மற்ற ஆறு நாளும் அது போர்வைக்குள் கிடக்கும், நான் கண்ணாடிக்குள் கிடப்பேன்.

ட்யூப் ஆம்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதலில் ஒரு சுவிட்ச் போட்டு ட்யூப்கள் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்த சுவிட்ச். எங்கள் ஆம்பில் மூன்று சேனல். முதலாவது சுத்தமானது, கம்பியைத் தட்டினால் கம்பிதான் கேட்கும். இரண்டாவதில் ஒரு கரகரப்பு சேரும். கோபமாக இருந்தாலும் நிதானம் தவறாத ஆள் பேசுவதைப்போல. மூன்றாவதில் கெயின், அதாவது கரகரப்பைக் கூட்டும் அளவு, அதிகம். அடியில் அதே உறுமல்தான், ஆனால் மேலே ஒரு சீறல் படரும். மீட்டும் பிக் தகடு கம்பியில் படுகிற அந்தக் கணம்கூடத் தனியாகக் கேட்கும். சவுண்டு அளவைச் சமமாக வைத்துவிட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசமே அந்த மேல் சீறல்தான். காலால் மிதிக்கும் சுவிட்சில் சேனல் மாறும்.

நாய்ஸ் ரூமுக்குப் புதிதாக வருகிறவரை முதுகு காட்டி உட்கார வைப்போம். நல்லதையும் கெட்டதையும் மாற்றி மாற்றி ஓட்டி, எது எது என்று சொல்ல வைப்போம். பத்துக்குப் பத்து சொன்னால்தான் நாற்காலி. அதே விளையாட்டை ஆம்பிலும் ஆரம்பித்தோம். ஒருவன் வாசித்துக்கொண்டே சேனல் மாற்றுவான், மற்றவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நம்பர் சொல்வான். முதலில் மாறி மாறி உட்கார்ந்தோம். ஒரு வருடமாக அவன்தான் வாசிக்கிறான், நான்தான் முதுகு காட்டுகிறேன். "நீதான் கில்லாடி, நீயே உக்காரு மச்சா" என்பான். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் "ரெண்டு" என்றேன்.

"தப்பு மச்சா. மூணு."

"வெளையாடாத. மறுபடி மிதிச்சி மாத்திட்டியா?"

"சத்தியமா மூணுலதான் இருக்குது. வேணும்னா வந்து லைட்டப் பாரு."

வந்து பார்த்தேன். மூன்றாவது சேனலின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பத்தில் ஆறுதான். எல்லாத் தப்பும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான். மூன்றாவதின் மேலே படருமே, அந்தச் சீறலைக் காணோம். கம்பளிக்குள் வைத்துப் பேசுவதைப்போல இருந்தது. எனக்கு வந்த கோபத்தில், ட்யூப் போய்விட்டது, மாற்றாமல் வைத்திருந்தது யார் தப்பு என்று அவனிடம் கத்தினேன். அவன் எதிர்த்துப் பேசாமல் கிட்டாரை உறையில் போட்டான். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன்.

சின்ன ட்யூப்களை எல்லாம் மாற்றினோம். மேல் சத்தத்தைக் கூட்டும் பிரசென்ஸ் திருகை முழுக்க வைத்துப் பார்த்தேன். "ஐயோ, பல்லு கூசுது, கொறைங்க" என்று சமையலறையிலிருந்து மனைவி சத்தம் போட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குப் பல் கூசவில்லை. அவள் வேண்டுமென்றே குறை சொல்கிறாள் என்று முறைத்தேன்.

பிறகு ஒரு லீவு நாளில் வேன் பிடித்து, அத்திப்பள்ளி தாண்டி ஆம்ப் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பெரிய ட்யூப்களை அளந்தார், ஸ்பீக்கரை அளந்தார், பிறகு தன் கிட்டாரைச் சொருகி இரண்டையும் மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். "ஆம்ப் சென்னாகிதே" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது என்று நண்பன் எனக்குச் சொன்னான், அதற்கு மொழிபெயர்ப்பு தேவையே இல்லை. மூன்றாவதை மிதித்துவிட்டு, கேட்கிறதா என்பதுபோல அவர் புருவத்தைத் தூக்கினார். நான் தலையாட்டினேன். என் நண்பனும் தலையாட்டினான். வேனில் ஆம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம். ஆம்பில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மாதம்தான் காலைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். நாய்ஸ் ரூமில் ரிஜெக்ட் குறைந்திருக்கிறதாம். போன வருடமாக இருந்தால் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றிருப்பேன். அன்றைக்கு என் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழுது குறையவில்லை, எனக்கு விசில் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை நானே செய்து வைத்திருந்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட் எடுக்கும் வண்டி கம்பெனிக்கு வரும். உள்ளே ஒரு சின்னக் கூண்டு. கனத்த கதவைச் சாத்திவிட்டால் நம் மூச்சு மட்டும் கேட்கும். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக, டெஸ்ட் எடுப்பவர் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றபோது நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சத்தம் அனுப்பும்போதெல்லாம் அவருடைய வலது தோள் லேசாக ஏறி இறங்கும். காதை நம்பவே வேண்டாம், தோளைப் பார்த்து அழுத்தினால் போதும். கண்டுபிடித்த பெருமையில் கிரைண்டிங்கில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். டெஸ்ட்டில் விழுந்தால் லைன் மாற்றுவார்கள், கான்ட்ராக்ட் ஆள் என்றால் அடுத்த மாதம் கம்பெனி கேட் பக்கமே வர வேண்டாம். அதனால் எல்லோரும் தோளைப் பார்த்தார்கள். எங்கள் கம்பெனியில் யாருக்கும் காது போனதே இல்லை, காகிதத்தில்.

அந்த வருடம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிய வேண்டும். கதவைச் சாத்தினார்கள். கண்ணை மூடினேன். ஆரம்பத்தில் கனமான சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு மெல்லிய சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. டெஸ்ட் எடுப்பவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் போல என்று காத்திருந்தேன். ரொம்ப நேரமாகக் காத்திருந்தேன். சந்தேகத்தில் கண்ணைத் திறந்தேன். அவருடைய தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. என் தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

கத்த வேண்டும்போல இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, இதோ பாருங்கள், எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முன்னால் கிளிப் போட்ட படிவம் இருந்தது. ஓய்வு நேரத்தில் அதிகச் சத்தத்தில் இருப்பீர்களா என்ற கேள்விக்கு வருடா வருடம் இல்லை என்று டிக் அடித்திருந்தேன். ஆம்ப் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால், அதனால்தான் போயிற்று என்று கையைக் கழுவிவிடுவார்கள். கிரைண்டிங்கா ஆம்பா என்று எனக்கே தெரியாது. இத்தனை வருடமும் நல்ல காது என்று என் கையெழுத்தோடு காகிதம் வேறு இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் கட்டிய சுவர்தான் இடித்தது. வேறு வழி தெரியாமல் தோளைப் பார்த்தேன். பட்டனை அழுத்தினேன்.

நார்மல் என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வாஷிங் மெஷின் முடிந்தால் பீப் அடிக்கும். "மிஷினு முடிஞ்சி எவ்வளவு நேரமா கத்துது, துணி காயப்போட இவ்வளவு சோம்பேறித்தனமா?" என்று மனைவி கேட்பாள். சோம்பேறி என்ற பட்டத்தை நன்றியோடு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நண்பன் வந்தான். நான் வழக்கம்போல முதுகு காட்டி உட்கார்ந்தேன். நேர் எதிரே அணைத்து வைத்த டிவி. அதன் கறுப்பில் அவன் காலும் சுவிட்சும் அழகாகத் தெரிந்தன. ஒன்று. மூன்று. இரண்டு. மூன்று. பத்துக்குப் பத்து.

"ட்யூப் மாத்துனது வேலை செஞ்சிருக்குது பாத்தியா!" என்று அவன் கிட்டாரைத் தட்டினான். அந்தச் சந்தோஷம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மனைவி ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து டிவியின் மேல் போட்டாள்.

"இப்பச் சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே வாசித்தான். நான் துண்டைப் பார்த்தேன். உறுமல் வந்தது. நின்றது. திரும்ப அதே உறுமல் வந்தது. மாற்றினானா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடவை வாசித்தபோது என் கண் கலங்கிவிட்டது. "கேக்கல" என்றேன். திரும்பவும் சொன்னேன். "எனக்கு மூணாவது கேக்கல. வண்டியிலயும் தோளத்தான் பாத்தேன்."

மனைவி என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நான் நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் காலடியில் இருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் தோள்தான் மச்சா" என்றான். "போன வருசத்துலயிருந்து. அதுக்குத்தான் உன்ன உக்கார வச்சேன். நீயாச்சும் கரெக்டா சொல்றியேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவன் கேட்டுச் சரி என்றதை நான் நம்பினேன். நான் கேட்டுச் சரி என்றதை அவன் நம்பினான். இரண்டு ஷிப்ட், ஒரே நாற்காலி. நாங்கள் அனுப்பிய கியர்பாக்ஸ்கள் எந்தெந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ. நாளைக்குக் காலையில் கம்பெனி பஸ் வரும், நான் ஏறுவேன். மதியம் அவன் ஏறுவான். அதைப் பற்றி அன்று இருவருமே பேசவில்லை, பேசினால் ஏதாவது செய்யவேண்டி வரும்.

மனைவி எழுந்து போய்ச் சுவிட்சின் மேல் காலை வைத்தாள். "நீங்க வாசிங்கண்ணே" என்றாள் அவனிடம். அவன் வாசித்தான். அவள் மிதித்தாள்.

"இது ரெண்டு" என்றாள். மறுபடி மிதித்தாள். "இது மூணு. கீழ ஒண்ணும் மாறல. மேல மட்டும் எண்ணெயில கடுகு போட்டாப்ல பொரிஞ்சிக்கிட்டே இருக்கு. நீங்க கம்பியத் தொடும்போது டிக்குன்னு ஒரு சத்தம் வருது பாருங்க, அது ரெண்டுல இல்ல. இப்பக் கேக்குதா?"

ரிப்பேர் பார்த்தவரிடம் ஆட்டியதைப்போலவே நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.