இல்லாத வாய்க்காலைத் தோண்டியவர்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம். திருவிடைமருதூருக்குத் தெற்கே, மினி பஸ் டிரைவருக்கு மனசு இருந்தால் மட்டும் நிற்கிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அந்த ஊரில்தான், நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு பொய்யை நம்பி, போருக்குப் போய்வந்த ஒரு மனிதர் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். நம்பித்தான் கிளம்பினாரா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் குழப்பத்தைத்தான் சொல்ல வந்தேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டதால், நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

அவரை ஊரில் மிலிட்டரி என்போம். பனிமலையில் நடந்த ஒரு சண்டையில் குண்டுபட்டு, வலது காலில் தகடு வைத்து, பட்டாளத்தை விட்டுத் திரும்பி வந்தவர். சண்டையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். "எத்தனை பேரைச் சுட்டீங்க தம்பி?" என்று நான் ஒருமுறை வம்புக்குக் கேட்டதற்கு, "ரொம்பக் குளிரும்க்கா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன சண்டைக் கதை.

பிள்ளைகள் என்றால்தான் அவருக்கு உயிர். விடிந்ததும் விசில் சத்தம் கேட்கும். ஆற்றங்கரையில் பையன்களும் பெண்பிள்ளைகளும் ஓடுவார்கள். பின்னால் இவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடுவார். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் எடுக்கும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தேற வேண்டும் என்பது அவருக்கு ஒரு வெறி. ரத்ததானம், மரக்கன்று, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, எது என்றாலும் அந்தக் கூட்டம்தான் முன்னால் நிற்கும். காசு கட்டி உடம்பை ஏற்றுகிற ஜிம் எல்லாம் அவருக்குப் பிடிக்காது. "மண்வெட்டிய விட நல்ல ஜிம் எது?" என்பார்.

வம்பே அந்த மண்வெட்டியால்தான் வந்தது.

மேட்டூர் திறப்பதற்கு முன்னால், வைகாசியில் வாய்க்கால் தூர்வாருவது எங்களுடைய நூறு நாள் வேலை. நாங்கள் இருபது முப்பது பொம்பளைகள், அந்த வருஷமும் அதைத்தான் நம்பி இருந்தோம். ஒரு திங்கட்கிழமை சட்டியும் மண்வெட்டியுமாகப் போய் நின்றால், வாய்க்கால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு புல் இல்லை. கரை இரண்டும் சீவி, சாந்து பூசினாற்போல் மினுங்குகிறது. நாலே நாளில் மிலிட்டரியும் அவர் பிள்ளைகளும் ஓசியில் முடித்துவிட்டார்கள்.

வேலைக்குப் பொறுப்பான பெண் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தது. "அளக்குறதுக்கு எதுவுமே இல்லையே, எதைன்னு எழுதறது?" என்றது. அடுத்த வேலை எப்போது வரும் என்று அதற்கும் தெரியவில்லை.

ஊரே அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மட்டும் வெறும் சட்டியோடு நின்றோம். நல்லது செய்த மனிதரைத் திட்டலாமா கூடாதா என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கு அந்தக் குழப்பமெல்லாம் அப்போது கிடையாது. திட்டலாம் என்று முடிவுகட்டி எல்லாரையும் கூட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"ஏன் தம்பி, எங்க வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டு, வாய்க்காலைச் சுத்தம் பண்ணிட்டேன்னு பெருமை வேறயா?"

மனிதர் விறைப்பாக நின்றார். "என்னக்கா சொல்றீங்க? ஊருக்கு நல்லதுதானே செஞ்சோம்?"

"ஊருன்னா யாரு? நாங்கல்லாம் என்ன, ஊருக்கு விருந்தாடி வந்தவங்களா? உங்க பயலுவளுக்கு அது எக்சைசு. எங்களுக்கு அது அடுப்பு."

பின்னால் நின்ற பொம்பளைகள் "அப்படிக் கேளு" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார். அவர் முகம் சின்னதாகிவிட்டது. இந்தப் பக்கம் ஒன்று இருப்பது அவர் மண்டையில் அதுவரை ஏறவே இல்லை என்று தெரிந்தது.

"தப்புதான்க்கா. யோசிக்காம செஞ்சிட்டேன். இனிமே உங்க வாய்க்கால்ல கை வைக்க மாட்டோம். வேற எங்க தோண்டலாம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற எடத்துல தோண்டறோம்."

இதோடு நான் சும்மா திரும்பியிருக்க வேண்டும். ஆனால் என் நாக்கு அப்படிப்பட்டது இல்லை.

ஊருக்கு வடக்கே ஒரு திடல் உண்டு. கருவேல முள்ளும் ஒரு புளியமரமும் தவிர ஒன்றும் கிடையாது. அதற்குப் பின்னால் பள்ளத்தில் நாற்பது ஏக்கர் நடவு நிலம். அந்தத் திடலைக் காட்டி, "அங்க எங்க மாமியா காலத்துல ஒரு வடிகால் ஓடிச்சு தம்பி. அந்தப் பள்ளத்துத் தண்ணியெல்லாம் அது வழியாத்தான் வடியும். தூந்து போயி நாப்பது அம்பது வருஷமாச்சு. முடிஞ்சா அதைத் தோண்டுங்க பாப்போம்" என்றேன்.

அப்படி ஒரு வடிகால் என் மாமியார் காலத்திலும் இல்லை, அவள் மாமியார் காலத்திலும் இல்லை. பின்னால் நின்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இவர் கிராம அலுவலரிடம் போய் வரைபடம் கேட்பார், அப்படி ஒன்றும் இல்லை என்று அவர் சிரிப்பார், மிலிட்டரி அசடு வழியத் திரும்புவார், நாலு நாள் சொல்லிச் சிரிக்கலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "எவ்வளவு அகலம்க்கா?"

"ரெண்டு ஆளு படுக்கலாம்."

எழுதிக்கொண்டார். மறுநாள் விடிகாலை திடலில் விசில் சத்தம்.

எனக்குத் திக்கென்றது. எந்த அலுவலரையும் கேட்கவில்லை, எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. பொறம்போக்கு என்பதால் பஞ்சாயத்துத் தலைவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முள்ளை வெட்டித் தள்ளிக் கயிறு கட்டித் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். கோடை வெயிலில் எங்கள் ஊர்க் களிமண் கருங்கல் மாதிரி இருக்கும். கடப்பாறை போட்டால் கைதான் அதிரும். நான் தினமும் வேடிக்கை பார்க்கிறவள் மாதிரி போய் நின்றேன். போனால் அவர் விட மாட்டார்.

"புளியமரத்துக்கு அந்தப் பக்கமாப் போச்சா, இந்தப் பக்கமாக்கா?"

"இந்தப் பக்கம்."

"அப்புறம் எங்க வளையும்?"

ஒரு பொய்க்கு அடுத்த பொய்யை எங்கே போய்த் தேடுவது? வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்க தெருக் கொல்லைப் பக்கமா வந்து, பெரிய வடிகால்ல விழும். எங்க மாமியா கொல்லையில நின்னுக்கிட்டே கெண்டை புடிக்கும்." கெண்டை வரைக்கும் போயிருக்க வேண்டாம்தான். அவர் அதையும் நோட்டில் எழுதினார்.

பிள்ளைகள் கையெல்லாம் கொப்புளம். பெண்பிள்ளைகள்கூடத் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தவலை நிறைய மோரைக் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, எனக்கு வயசாச்சு. ஞாபகம் அப்படி இப்படி இருக்கும். அந்த வடிகால் வேற எங்கயாச்சும்கூட இருந்திருக்கலாம்."

அவர் மோரைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். "உங்க ஞாபகம் தப்புன்னா ஊருல யாரு ஞாபகத்தை நம்புறதுக்கா? கெண்டை முதற்கொண்டு சொன்னீங்களே" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கிண்டல் செய்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா? ஊரையே கிண்டலடித்த எனக்கு அவர் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. சொல்லாமலே தவலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக் கொல்லை வரைக்கும் தோண்டியாகிவிட்டது. பெரிய வடிகாலில் சேர்க்க இன்னும் ஐம்பது அடிதான் பாக்கி. அதற்குள் அந்தப் பிள்ளைகளுக்கு ஆள் எடுப்பு வந்தது, அப்புறம் நடவு வந்தது. மிச்சம் அப்படியே கிடந்தது. "மிலிட்டரி வெட்டுன பதுங்குகுழி" என்று டீக்கடையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஊரில் முதல்முறையாக ஒரு வேடிக்கைக்கு நான் சிரிக்காமல் இருந்தது அப்போதுதான்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாகியும் விடவில்லை. வடக்குப் பள்ளத்தில் சம்பா நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வழக்கமாக அங்கே தண்ணீர் ஒரு வாரம் நிற்கும், பயிர் அழுகும், மறுபடி நாற்றுக்கு அலைவார்கள். நாலாம் நாள் காலையில் எனக்கு விழிப்புத் தட்டியபோது என் பாயே ஈரமாக இருந்தது. எழுந்து பார்த்தால், பின்னால் பள்ளமாக இருக்கிற அடுப்படியில் முழங்கால் தண்ணீர். அரிசிக் குண்டான் மிதந்து வந்து என்னை விசாரிக்கிறது!

பள்ளத்துத் தண்ணீர் முழுக்க அந்த வாய்க்கால் வழியாக இறங்கி, நான் சொன்ன இடத்தில் சரியாக வளைந்து, வழி முடிந்த இடத்தில் என் வீட்டுக்குள் புகுந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம். மிலிட்டரியும் பிள்ளைகளும் தண்ணீரில் வருகிறார்கள். இரண்டு பேர் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அவர் கொல்லையில் நின்று வாய்க்காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, உங்க மாமியா வாய்க்கா நல்லாத்தான் ஓடுது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மண்வெட்டியை எடுத்தேன். தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் எடுத்தார்கள். கொட்டுகிற மழையில், நாங்களும் அந்தப் பிள்ளைகளுமாக அந்த ஐம்பது அடியை மதியத்துக்குள் வெட்டிச் சேர்த்தோம். தண்ணீர் சளசளவென்று பெரிய வடிகாலில் விழுந்தது. இரண்டாம் நாள் பள்ளத்தில் பயிர்த் தலை தெரிந்தது. அதற்கடுத்த வைகாசியிலிருந்து அந்த வாய்க்காலையும் தூர்வார எங்களுக்கே வேலை கொடுத்தார்கள்.

அப்புறம் எத்தனையோ தடவை அவரைப் பார்த்தேன். எத்தனையோ தடவை சொல்ல நினைத்தேன். இந்த வருஷம் தை பிறந்த கையோடு, ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் படத்திறப்பு. அவர் பழக்கிய பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து வந்திருந்தார்கள். சிலர் பட்டாள உடுப்பில், சிலர் போலீஸ் உடுப்பில். பேசியவர்கள் எல்லாரும் அந்த வாய்க்காலைத்தான் சொன்னார்கள். ஊர் மறந்துபோன பழைய வடிகாலைத் தன் ராணுவக் கண்ணால் மண்ணுக்குள் கண்டுபிடித்தாராம். கைதட்டல் வேறு. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் மைக்கைப் பிடித்துவிட்டேன்.

"அங்க வடிகாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அவரை அலையவிடணும்னு சொன்னேன். மாமியா கெண்டை புடிச்சதும் பொய்யி. அவருகிட்ட மன்னிப்புக் கேக்காம விட்டுட்டேன்."

மைதானமே சிரித்தது. அன்றைக்கு என் பின்னால் நின்ற பொம்பளைகளும் எனக்குச் சாட்சி சொல்லாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "ஆயா இல்லன்னா இன்னிக்கு நாம அழுதே செத்துருப்போம்" என்று ஒருவன் சொன்னான். வாழ்நாளில் மைக்கில் ஒரே ஒரு உண்மை சொன்னேன், அதை ஒருவரும் நம்பவில்லை.

இறங்கி வந்ததும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டது.

"அவருக்கு மொத நாளே தெரியும்க்கா. பழைய வாய்க்கால்னா உள்ள மணலும் நத்தை ஓடும் வரணுமாம். இது வெட்டாத மண்ணுன்னு அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்பவே சொன்னாரு."

"அப்புறம் ஏம்மா தோண்டுனாரு?"

"நானும் கேட்டேன். பட்டாளத்துல தப்பு செஞ்சா குழி வெட்டச் சொல்லுவாங்களாம். வெட்டி முடிக்கிற வரைக்கும் ஏன்னு கேக்கக் கூடாதாம். அவங்க வேலையைப் பறிச்சுட்டேன், அக்கா தண்டனை குடுத்துட்டாங்க, வெட்டித்தான் தீரணும்னாரு."

அப்போது பக்கத்தில் நின்ற போலீஸ் பெண், அன்றைக்குக் கையில் துணி சுற்றிக்கொண்டு வெட்டியவள், தலையை ஆட்டினாள்.

"இல்ல ஆயா. சார் கடைசி வரைக்கும் நம்பினாரு. வரைபடத்துல அந்த வடிகால் விட்டுப்போச்சு, சேக்கணும்னு தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுனாரு. என் கையாலதான் எழுத வச்சாரு. உங்க மாமியாரைக்கூட அதுல சேத்தாரு."

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்க ஆளும் இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒருதரம் அவர் ஏமாந்தவராகத் தெரிந்தார், ஒருதரம் நான்தான் ஏமாந்தவளாகத் தெரிந்தேன்.

இப்போதெல்லாம் வெளியூர்க்காரர் யாராவது என்னிடம் வழி கேட்டால், வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சுற்றவிடலாமா என்று நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் எதிரே நிற்பவர், நான் சொன்ன பாவத்துக்காக அந்த வழியைக் கடைசி வரைக்கும் நடந்தே தீர்க்கிற மனிதராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், சரியான வழியையே சொல்லி அனுப்பிவிடுகிறேன்.